சரிகை கட்டிய கம்ப்யூட்டர்

கையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிற ஆளை நம்பலாம். ஸ்க்ரூ டிரைவரோடு சேர்த்து, தான் செய்வதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கிற ஆளை மட்டும் நம்பவே கூடாது. இதை ஊர் உலகத்தைப் பார்த்து நான் கற்றுக்கொள்ளவில்லை. பத்தொன்பது வயதில் கண்ணாடியைக் கொஞ்சம் ஒழுங்காகப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். (கண்ணாடியைப் பார்க்காமல் இல்லை. அப்போது தலைமுடியை மட்டும்தான் பார்ப்பேன்.)

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருஷம். கல்லூரி லேபில் செருப்பை வெளியே விட்டுவிட்டு, ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேராக உட்கார்ந்து தரிசனம் செய்வோம். மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பதெல்லாம் கர்ப்பக்கிரகத்துக்குள் நுழைகிற மாதிரி. அதற்கென்று ஒருத்தர் இருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். ஆனாலும் ஆரணியில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை கம்ப்யூட்டர் என்றால் நான்தான். மாதா மாதம் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையை எழுத்து விடாமல் படித்துவிட்டு, வீட்டில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டிருப்பேன். எங்கப்பா பட்டு நெய்கிறவர். தறியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, அந்த நூல் சுத்தின தார்க்குச்சியை எடுத்துக் குடு" என்பார்.

எங்கள் அக்கா மல்லிகாவின் புருஷன் சம்பந்தம் மாமா, காஞ்சிபுரத்தில் ஒரு டிசைன் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கிற ஜக்கார்டு பெட்டிக்கு ஓட்டை போட்ட அட்டைகள் வேண்டும். எந்த அட்டையில் எங்கே ஓட்டை விழுந்தால் பார்டரில் மயிலுக்குக் கொண்டை வரும், எங்கே விழுந்தால் யானைக்குத் தும்பிக்கை வரும் என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைகிற வேலை. அடுத்தவனுக்கு மயில் வரைந்தது போதும் என்று ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, ஆரணியிலேயே சொந்தமாக சென்டர் வைக்க வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு ரூம் பிடித்தார். காஞ்சிபுரத்திலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். லீவு நாளில் எல்லாம் உட்கார்ந்து தனக்கென்று போட்டுச் சேர்த்த டிசைன்கள் மொத்தமும் அதில்தான் இருந்தன. வேறெங்கும் இல்லை.

திறப்பு விழாவுக்கு தெய்வசிகாமணி முதலாளியைக் கூப்பிட்டிருந்தார். ஊரில் பாதித் தெருவுக்குப் பட்டும் சரிகையும் கொடுத்துப் புடவை நெய்து வாங்குகிறவர். எங்கப்பா தறியும் அவருக்குத்தான் ஓடியது. முதலாளி சுற்றி வளைத்துப் பேசமாட்டார்.

"வெள்ளிக்கிழமை வரேன் சம்பந்தம். நீ சொல்ற அந்த மயிலைக் காட்டு. புடிச்சா ஆவணி முகூர்த்தத்துக்கு மொத்த டிசைனும் உங்கிட்டயே. புடிக்கலைன்னா எப்பவும் போல காஞ்சிபுரத்துக்கே போய்க்கறேன். இன்னொண்ணு, பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள காட்டிப்புடணும்."

ராகு காலத்தில் முதலாளி புதுச் சட்டைகூடப் போட மாட்டார் என்று ஊருக்கே தெரியும். ஆக, மாமாவின் பிழைப்பு ஒரு மயிலிலும், அந்த மயில் ஒரு பழைய டிஸ்கிலும், அந்த டிஸ்க் என் கையிலும் இருந்தது.

என் கைக்கு அது எப்படி வந்தது என்றால், நான்தான் பிடுங்கிக்கொண்டேன். மாமா கடையில் ரெடியாக ஒன்று வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தார்.

"ரெடிமேட் வாங்கறது சுத்த வேஸ்ட் மாமா. மெட்ராஸ்ல பார்ட் பார்ட்டா வாங்கினா சல்லிசா முடியும். நான் பூட்டித் தரேன்" என்றேன்.

அக்கா சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். "எங்க வீட்டு மிக்சியை இந்த தினா கழட்டினதுலருந்து எங்கம்மா இன்னும் அம்மியிலதான் அரைச்சிகினு கீது."

"அது மோட்டார். இது டிஜிட்டல்" என்றேன். இந்தப் பதிலில் என்ன அர்த்தம் இருந்தது என்று இன்று வரை எனக்கே தெரியாது. ஆனால் மாமா நம்பிவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பூட்டினேன். பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே பூட்டினேன். கம்ப்யூட்டரைக் கிளப்புகிற சங்கதிகள் எல்லாம் புது ஹார்ட் டிஸ்கில். மெட்ராஸ் கடையிலேயே ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். மாமாவின் டிசைன்கள் பழைய டிஸ்கில். இரண்டையும் ஒரே பட்டைக் கேபிளில் மாட்டவேண்டும். அப்படி மாட்டும்போது, யார் பெரியவர் யார் சின்னவர் என்று முதலிலேயே சொல்லிவிடவேண்டும். டிஸ்கின் பின்பக்கம், கேபிள் செருகுகிற இடத்துக்கும் கரண்ட் ஒயர் செருகுகிற இடத்துக்கும் நடுவில், சின்னச் சின்ன ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் குறிப்பிட்ட இரண்டு ஊசியைச் சேர்த்து அரிசி அளவில் ஒரு தொப்பி மாட்டினால் அந்த டிஸ்க் மாஸ்டர். தொப்பி இல்லாவிட்டால் ஸ்லேவ், அதாவது அடங்கி நடக்கிறவர். அந்தத் தொப்பிக்கு ஜம்பர் என்று பெயர். புதுசுக்குத் தொப்பி மாட்டினேன், பழசுக்குக் கழற்றினேன்.

அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "வயசுல பெரியவனுக்குத் தொப்பியைக் கழட்டிட்டு நேத்து வந்தவனுக்கு வெக்கறியே. நல்லாவா இருக்குது?"

சுவிட்சைப் போட்டதும் இரண்டு டிஸ்கும் திரையில் தெரிந்தன. மாமா தன் மயிலைத் திறந்து பார்த்தார். கொண்டை, தோகை, கால் நகம் எல்லாம் பத்திரமாக இருந்தது. மாமா என் தோளில் கை வைத்து, "மச்சான், நீ இல்லைன்னா நான் இல்லடா" என்றார்.

அந்த இடத்தில் நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ஆனால் எனக்கு ஒரு குறை. இவ்வளவு கஷ்டப்பட்டுப் பூட்டியதை மூடி போட்டு மூடினால் யாருக்குத் தெரியும்? திறப்பு விழா அன்று பெட்டியின் பக்கத்து மூடியைத் திறந்தே வைத்து, உள்ளே இருக்கிற வேலைப்பாட்டை முதலாளி கண்ணில் காட்டவேண்டும் என்று தோன்றியது. திறந்து பார்த்தால் உள்ளே ஒயர்கள், தலை வாராத பெண் மாதிரி கலைந்து கிடந்தன. அவற்றை அழகாகக் கட்டவேண்டும். எதால் கட்டுவது?

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். புதுத் தறி பூட்டினால், முதல் இழை ஓடுவதற்கு முன் ஒரு துண்டு சரிகையைத் தறியில் முடிந்துவிடுவார்கள். சரிகை கட்டினால் தொழில் மினுக்கும் என்று நம்பிக்கை. மாமாவுக்கு இதுதானே தறி? அப்பா தறிக்குப் பக்கத்தில் மாடத்தில், கட்டையில் சுற்றி மிச்சம் கொஞ்சம் சரிகை இருந்தது. அசல் சரிகை. பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் போட்டது. முதலாளி நிறுத்துக் கொடுத்து, புடவையோடு மிச்சத்தையும் நிறுத்து வாங்கிக்கொள்கிற சாமான். ஒரு சாண் குறைந்தாலும் பதில் சொல்லவேண்டும். விழா முடிந்ததும் அவிழ்த்துப் பழையபடி சுற்றி வைத்துவிடலாம் என்று நினைத்து ஒரு நாலைந்து முழம் எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக மாடி ரூமுக்குப் போய்க் கட்டினேன். ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு முடிச்சு. பழைய டிஸ்கின் பின்னால் பட்டைக் கேபிளையும் கரண்ட் ஒயரையும் சேர்த்து, பூ மாதிரி ஒரு முடிச்சு போட்டு நுனியைத் தொங்கவிட்டேன். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒரு தடவை சுவிட்சைப் போட்டுச் சரிபார்க்க மறந்துபோனேன்.

ஒன்பது மணிக்கு அக்கா தாம்பாளத்தோடு வந்தாள். மானிட்டருக்கு ஒரு சந்தனப் பொட்டு, கீபோர்டுக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று, திறந்திருந்த பெட்டிக்குள் கையை விட்டு அகப்பட்டதற்கெல்லாம் ஒவ்வொன்று. மாமா வாசலில் தேங்காய் உடைத்தார். ஒன்பதரை மணி வாக்கில் முதலாளியும் எங்கப்பாவும் பேசிக்கொண்டே மாடிப்படி ஏறி வந்தார்கள்.

"கட்டையில மிச்சமிருந்த சரிகையை நேத்து எலி இழுத்துகினு பூடுச்சு முதலாளி" என்றார் அப்பா. "காலையிலருந்து தேடறேன், காணோம்."

"சரிகையை எலி இன்னாத்துக்குய்யா இழுக்குது? அதுக்கென்ன கல்யாணமா?"

நான் பெட்டிக்குள் ஏதோ முக்கியமான ஸ்க்ரூவை முறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன். முறுக்குவதற்கு அங்கே எதுவுமே இல்லை.

கற்பூரம் காட்டினார்கள். முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு, கிழக்கு பார்த்து நின்று, சுவிட்சை அமுக்கினார். மின்விசிறி உறுமியது. எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடி நின்றது. மாஸ்டர், நன். ஸ்லேவ், நன். அதாவது டிஸ்க் என்று ஒன்று இந்தப் பெட்டியில் இருப்பதாகவே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

எல்லோரும் கும்பிட்டபடியே நின்றிருந்தார்கள்.

"மயிலு எங்கப்பா?" என்றார் முதலாளி.

"வருது முதலாளி" என்றார் மாமா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நேற்று தோளில் வைத்த கையை எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் விவரம் தெரிந்தவன் முதலில் தான் என்ன செய்தோம் என்று யோசிப்பான். நான் அடுத்தவர் என்ன செய்தார்கள் என்று யோசித்தேன்.

"யாரு உள்ளல்லாம் சந்தனம் வெச்சது?"

"நான்தான் வெச்சேன். பூஜைன்னா வெக்க மாட்டாங்களா?" என்றாள் அக்கா.

"சந்தனம் ஈரம் அக்கா. ஈரம் பட்டா சர்க்யூட் ஷார்ட் ஆயிடும். படிச்சுப் படிச்சுச் சொல்றேன்."

"நீ எப்படா சொன்ன? 'அக்கா, நல்லா எல்லாத்துக்கும் வை'ன்னு நீதானே பெட்டியைத் திறந்து காட்டின."

உண்மைதான். ஆனாலும் பொட்டுகளையெல்லாம் பஞ்சால் துடைக்கவைத்தேன். அக்கா ஒவ்வொரு பொட்டையும் துடைக்கும்போது என் குழந்தைப்பருவத்துக் குற்றம் ஒவ்வொன்றையும் மெல்லிய குரலில் சொன்னாள். துடைத்து முடித்துச் சுவிட்சைப் போட்டேன். நன், நன்.

அடுத்து தேங்காய்த் தண்ணீர் மேல் சந்தேகப்பட்டேன். (தேங்காய் உடைத்தது வாசலில். பெட்டி இருந்தது ரூமின் அந்தக் கோடியில்.) அதற்கடுத்து கற்பூரப் புகை. ஜன்னலைத் திறந்து, அக்காவை முறத்தால் விசிறச் சொன்னேன். விசிறினாள், ஆனால் பெட்டியைப் பார்த்து விசிறவில்லை. என்னைப் பார்த்து விசிறினாள்.

புது டிஸ்கை மட்டும் தனியாக மாட்டினேன். தெரிந்தது. அதைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் மாட்டினேன். அதுவும் தெரிந்தது. இரண்டையும் சேர்த்து மாட்டினேன். இரண்டுமே இல்லை. இவ்வளவையும் அந்தப் பூ முடிச்சு கலையாமல், பூ மாதிரியே கழற்றி, பூ மாதிரியே மாட்டினேன் என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். (படிக்கிற விவரமானவர்கள், ஆளுக்கொரு கேபிள் போட்டிருக்கலாமே என்பார்கள். போட்டிருக்கலாம். பெட்டியோடு ஒன்றுதான் கொடுத்தான். இன்னொன்று வாங்க மாமா காசு கொடுத்தார். அந்தக் காசில் மெட்ராஸில் நான் பிரியாணி சாப்பிட்டேன்.)

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தனித்தனியா இருந்தா ஒழுங்கா கீது. சேத்து வெச்சா ரெண்டும் மூஞ்சைத் திருப்பிக்குது. அதானே?"

"ஆமாம் முதலாளி. ஒண்ணு மாஸ்டர், ஒண்ணு ஸ்லேவ். ரெண்டும் நாந்தான் மாஸ்டர்னு நின்னா இப்படித்தான் ஆவும். ஆனா நான் ஜம்பர் கரெக்டாதான் வெச்சிருக்கேன்."

"எனக்கும் என் தம்பிக்கும் இதே பஞ்சாயத்துதாம்பா. கடைசியில கடையை ரெண்டா பிரிச்சோம்."

"ஒரு சமையக்கட்டுல ரெண்டு மருமவளை விட்டா ஆவுமா?" என்றாள் அக்கா.

அப்பா இன்னும் ஒரு படி மேலே போனார். "மாப்ளே, இது ரெண்டும் எந்தக் கிழமையில வாங்கினது?"

ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவனின் முன்னால் ஹார்ட் டிஸ்குகளுக்கு ஜாதகப் பொருத்தம் பார்க்கப்பட்டது. என்னால் தாங்க முடியவில்லை. கீழே இருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடி, மெட்ராஸ் கடைக்காரருக்கு எஸ்.டி.டி. போட்டேன்.

"ஜம்பர் பாருப்பா" என்றார் அவர்.

"பாத்துட்டேண்ணா."

"இன்னொரு வாட்டி பாரு. ரெண்டும் மாஸ்டரா கீதான்னு பாரு."

"அண்ணா, நான் கம்ப்யூட்டர் சயின்ஸ்ணா."

போனை வைத்துவிட்டார். நானாக இருந்தாலும் வைத்திருப்பேன்.

மேலே வந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. மாமா சுவரில் மாட்டிய கடிகாரத்துக்குக் கீழே நின்று, அதை நிறுத்திவிடலாமா என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கம்ப்யூட்டரை அணைத்தேன். பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டேன். அதுவரை கற்ற வித்தை அத்தனையும் அந்த இடத்தில் தீர்ந்துபோயிருந்தது.

முதலாளிக்கும் பொழுது போகவில்லை. எழுந்து வந்து என் தலைக்கு மேலாகக் குனிந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மதர்போர்டு, ராம் எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து சரிகை பார்த்த கண். உள்ளே மினுக்கிய ஒரே ஒரு சமாசாரம்தான் தெரிந்தது. கையை விட்டு, பழைய டிஸ்கின் பின்னால் இருந்த பூ முடிச்சின் நுனியைப் பிடித்து இழுத்தார். முடிச்சு அவிழ்ந்து சரிகை முழுசாக வந்தது. ஜன்னலோரம் போய், வெளிச்சத்தில் நகத்தால் சுரண்டினார். அசல் சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரியும். தெரிந்தது.

இது எதையும் நான் கவனிக்கவில்லை. ஆனது ஆகட்டும் என்று சுவிட்சை இன்னொரு தடவை போட்டேன்.

மாஸ்டர், தெரிந்தது. ஸ்லேவ், தெரிந்தது.

"மாமா, வந்துடுச்சு" என்று எழுந்து குதித்தேன். "லூஸ் கான்டாக்ட்தான் மாமா. நான் கேபிளை அமுக்கி விட்டேன் பாருங்க, அங்கதான் சரியாச்சு."

மாமா பாய்ந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து, பழைய டிஸ்கைத் திறந்தார். மயில் என்று எழுதிய இடத்தில் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரே ஒரு அமுக்கு பாக்கி. கடிகாரத்தில் பத்தரைக்கு இன்னும் நேரமிருந்தது.

அப்போது ஜன்னல் பக்கமிருந்து முதலாளி கேட்டார். "ஏம்பா, நேத்து எலி இழுத்துகினு போன சரிகை எவ்ளோன்ன?"

"நாலஞ்சு முழம் இருக்கும் முதலாளி" என்றார் அப்பா.

"இதோ ஒரு முழம் வந்துடுச்சு. பாக்கி உள்ள மினுக்குது பாரு."

அப்பா முதலில் சரிகையைப் பார்த்தார். அப்புறம் பெட்டியைப் பார்த்தார். அப்புறம் நிதானமாக என்னைப் பார்த்தார்.

மாமா புத்திசாலி. எதுவும் காதில் விழாதவர் போல, "முதலாளி, ஜல்தியா வாங்க, மயிலைப் பாத்துடலாம்" என்றார்.

முதலாளியும் இரண்டடி எடுத்து வைத்துவிட்டார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்திருக்கும். மயிலைப் பார்த்திருப்பார், பிடித்திருக்கும். என் காது அன்று சாயங்காலம் வீட்டில் தனியாகத் திருகப்பட்டிருக்கும். ஆனால் நான் அவர் கையில் இருந்த சரிகையைப் பார்த்தேன். அது கட்டியிருந்த இடத்தைப் பார்த்தேன். கேபிளுக்கும் கரண்ட் ஒயருக்கும் நடுவில் நீட்டிக்கொண்டிருந்த ஊசிகளைப் பார்த்தேன். தலைக்குள் பல்பு எரிந்தது. சரிகை என்றால் வெள்ளி. வெள்ளியில் கரண்ட் ஓடும். தொங்கவிட்ட நுனி சரியாக அந்த இரண்டு ஊசியின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. தொப்பி செய்கிற வேலையைச் சரிகை செய்திருக்கிறது. பழைய டிஸ்க் தனக்கும் மாஸ்டர் பதவி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டது. இரண்டு மாஸ்டர்.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? மானம் போனது, அப்பா நிற்பது, மாமாவின் விரல் மயில் மேல் காத்திருப்பது, எதுவும் தோன்றவில்லை. உலகத்திலேயே முதல்முதலாக இதைக் கண்டுபிடித்தவன் நான் என்றுதான் தோன்றியது.

"முதலாளி, அதைக் கொஞ்சம் குடுங்க" என்றேன்.

"வேணாம்டா மச்சான்" என்றார் மாமா. மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அவர் குரலில் அவ்வளவு கெஞ்சலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"ஒரு நிமிஷம் மாமா. காரணம் தெரிஞ்சிடுச்சு. காட்டறேன்."

சட்டென்று கரண்டை அணைத்தேன். மயில் இருந்த திரை இருட்டானது. சரிகையை வாங்கி, இருந்த இடத்திலேயே பழையபடி முடிந்தேன். சுவிட்சைப் போட்டேன். நன், நன்.

"பாத்தீங்களா முதலாளி" என்று பூரித்துப்போய்ச் சொன்னேன். "நான் கட்டின சரிகைதான் காரணம். நான்தான் எடுத்தேன், நான்தான் கட்டினேன். வேற ஒண்ணுமே இல்ல."

யாருமே கேட்காமல், யாரும் அடிக்காமல், இவ்வளவு தெளிவாகக் குற்றத்தை ஒப்புக்கொண்ட திருடனை ஆரணி அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. செய்முறை விளக்கத்தோடு வேறு.

அணைத்துவிட்டுச் சரிகையை எடுத்து முதலாளி கையில் கொடுத்துவிட்டு, சுவிட்சை மறுபடி போட்டேன். இரண்டு டிஸ்கும் தெரிந்தன. மாமா மூச்சு விட்டார். ஆனால் மயில் வரவில்லை. நீலத் திரை வந்தது. கம்ப்யூட்டரை முறைப்படி அணைக்காமல் சட்டென்று நிறுத்தியதால், டிஸ்கில் ஏதாவது கெட்டிருக்கிறதா என்று முதலில் சோதித்துப் பார்க்கிறேன், பொறுங்கள் என்று ஒரு மஞ்சள் கோடு ஓட ஆரம்பித்தது. அந்தக் காலத்து கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கோடு ஓடாது, நகரும். பெரணமல்லூர் திருவிழாத் தேர்கூட அதைவிட வேகமாக நிலைக்கு வந்துவிடும்.

ஐந்து பேரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றோம். கோடு பாதி தாண்டியது. முக்கால் வந்தது. கடிகாரம் பத்தரை காட்டியது.

முதலாளி முகத்தைத் திரையிலிருந்து திருப்பிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "ராகு காலம் வந்துடுச்சு சம்பந்தம். இனிமே புதுசா எதையும் நான் பாக்க மாட்டேன்."

மாமா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா பேசாமல் இருந்தால் நிலைமை எவ்வளவு மோசம் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். முதலாளி எழுந்து போய்விட்டால் அடுத்த பஸ்ஸில் காஞ்சிபுரத்துக்குத்தான் போவார்.

ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையில் சரிகையைச் சுருட்டிச் சுருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "டேய் எலி" என்றார்.

"சொல்லுங்க முதலாளி."

"இது அசல் சரிகை. வெள்ளி இருக்குது, அதனால கரண்டு ஓடிச்சுன்ற. வெள்ளி இல்லாத சரிகையைக் கட்டினா?"

"ஓடாது முதலாளி. டிஸ்க் ரெண்டும் நல்லா தெரியும்."

முதலாளி சட்டைப் பையில் கையை விட்டு, காகிதத்தில் மடித்த ஒரு துண்டு சரிகையை எடுத்தார். ஏதோ ஒரு ஏஜெண்ட் புதுசாக வந்து, அசல் என்று அடித்துச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன சாம்பிளாம். "இதைக் கட்டு பாப்போம்" என்றார்.

"முதலாளி, ராகு காலம்" என்றார் மாமா, இருந்த கடைசி உயிரையும் பிடித்துக்கொண்டு.

"இது பழைய விசயம்பா. காலையில ஆரம்பிச்சது. இதுக்கு ராகு காலம் கிடையாது."

கட்டினேன். இரண்டு டிஸ்கும் பளிச்சென்று தெரிந்தன. முதலாளி காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பிளாஸ்டிக்கு" என்றார். அந்த ஏஜெண்டை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவருக்காக அப்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

அப்புறம் அசலை ஒரு தடவை கட்டச் சொன்னார். சாம்பிளை ஒரு தடவை. அசலை இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் கரண்டை நிறுத்திப் போட, மாமா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் வருஷக்கணக்கில் வரைந்ததெல்லாம் இருந்த டிஸ்க் அன்று சரிகைக்கு உரைகல்லாக ஆகிவிட்டது. அக்கா எல்லோருக்கும் கேசரி கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. அப்பா பெட்டிக்குள் இருந்த மிச்ச முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து விரலில் சுற்றிக்கொண்டே, "நான் அந்த எலிக்குப் பொறி வாங்க ஆள் அனுப்பிட்டேன்" என்றார்.

பன்னிரண்டு அடித்ததும் மாமா எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, நெற்றியில் விபூதி வைத்து, மயிலைத் திறந்தார். திறந்தது. முதலாளி மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் குனிந்து, கொண்டையிலிருந்து கால் வரை பார்த்தார். தோகையில் ஒரு கண் பெரிசாக இருக்கிறது என்றார். மாமா அங்கேயே திருத்தினார். முதலாளி மறுபடி பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆவணிக்கு மொத்தமும் நீயே போடு சம்பந்தம். ஒரே ஒரு கண்டிஷன். இந்த எலி பெட்டிக்கிட்ட வரக்கூடாது." வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே திரும்பினார். "நான் சாம்பிள் எடுத்துகினு வர அன்னிக்கு மட்டும் கூப்பிடு."

அன்றிலிருந்து எனக்கு அந்த ஊரில் எலி என்றுதான் பெயர். டிகிரி வாங்கினேன், மெட்ராஸில் கம்ப்யூட்டர் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்தேன், லோன் போட்டு வீடு வாங்கினேன். எதுவும் எடுபடவில்லை. எங்கள் வீட்டில் டி.வி. வராவிட்டாலும், மோட்டாரில் தண்ணீர் ஏறாவிட்டாலும், காஸ் அடுப்பு பற்றாவிட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "தினா வந்தானா? எதையாவது கட்டினானா?"

அதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். என் கல்யாணத்தன்று நடந்ததைத்தான் மறக்க முடியவில்லை. மேளம் கெட்டியாக முழங்க, ஐயர் தாலியை எடுத்து என் கையில் கொடுத்தார். மஞ்சள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவுக்குப் பக்கத்திலிருந்து சம்பந்தம் மாமாவின் குரல் கேட்டது. மேளத்தையும் தாண்டி, மண்டபத்தில் முன் வரிசை முழுக்கக் கேட்டது.

"மச்சான், கயிறா சரிகையான்னு நல்லா பாத்துக் கட்டு. அப்பால ரெண்டு பேரும் மாஸ்டர்னு நின்னீங்கன்னா, ஒருத்தரும் தெரிய மாட்டீங்க."

முன் வரிசையில் தெய்வசிகாமணி முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பெண் வீட்டார் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். மூன்று முடிச்சில் முதல் முடிச்சை மட்டும்தான் நான் போட்டேன். பாக்கி இரண்டையும் வழக்கப்படி அக்கா போட்டாள். போட்டுவிட்டு, நான் போட்டதையும் ஒரு தடவை இழுத்துச் சரிபார்த்தாள்.

என் மனைவிக்கு அந்தக் கதையை மறுநாளே யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் கணக்குப் படித்தவள், விஷயத்தைச் சுருக்கமாகப் புரிந்துகொள்வாள். இப்போதும் ஏதாவது ஒன்றுக்கு நாங்கள் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் மல்லுக்கு நிற்கும்போது, கடைசியில் அவள்தான் நிறுத்துவாள். கையை நீட்டி, "சரி, இன்னைக்குத் தொப்பி யாருக்கு?" என்று கேட்பாள்.

கொடுத்துவிடுவேன். ஒரு முறை அடம்பிடித்துப் பார்த்ததில் ராகு காலம் வந்துவிட்டது.